எல்லாருக்கும் அட்மின் உரிமை கொடுப்பது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிக இணைப்பில் சிஆர்எம் எனப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போகாமல் காக்க அதில் இரண்டு யோசனைகள் சொல்லப்பட்டிருந்தன. பதவிக்கு ஒரு ரோல், அதாவது யார் எதைச் செய்யலாம் என்ற உரிமைத் தொகுப்பு, போடுங்கள் என்பது ஒன்று. வேண்டாதவர் கண்ணில் படாதபடி திரையில் சில பகுதிகளை மறைத்துவிடுங்கள் என்பது மற்றொன்று. முதலாவது பாதி சரி. இரண்டாவது பாதுகாப்பே அல்ல. இந்த மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறோம். பரவலாகப் புழங்குவது என்பதால் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறும், கணக்கு பெரும்பாலும் இதுதான்.

மறைப்பதிலிருந்து தொடங்குவோம். படிவத்திலிருந்து கடன் வரம்பு என்ற ஃபீல்டை (தகவல் கட்டத்தை) எடுத்துவிட்டால் அந்தப் படிவத்தில் அது தெரியாது, அவ்வளவுதான். அதே ஊழியர் பட்டியல் திரையில் அந்தப் பத்தியைத் தானே சேர்த்துக்கொள்ளலாம். மேம்பட்ட தேடலில் ‘கடன் வரம்பு 10 லட்சத்துக்கு மேல்’ என்று வடிகட்டலாம். எக்செலுக்கு இறக்கிக்கொள்ளலாம். வெளி மென்பொருள் வழியாக ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறும் வழி) மூலமும் எடுக்கலாம். படிவம் என்பது தரவுக்குப் போகும் பல வழிகளில் ஒன்று மட்டுமே. ஸ்கிரிப்ட் எழுதிப் பொத்தானை மறைப்பதும் இதே ரகம்தான். உண்மையிலேயே ஒரு ஃபீல்டைப் பூட்ட வேண்டுமென்றால் அதற்கென்று ஃபீல்டு பாதுகாப்பு வசதி 2011 பதிப்பிலிருந்தே இருக்கிறது. முதலில் அந்த ஃபீல்டின் பண்புகளில் பாதுகாப்பை இயக்க வேண்டும். பிறகு ஒரு ஃபீல்டு பாதுகாப்பு புரொஃபைல் உருவாக்கி, படிக்கலாமா, புதிதாகப் போடலாமா, திருத்தலாமா என்ற மூன்றையும் தனித்தனியே குறித்து, அதில் ஆட்களையோ டீம்களையோ சேர்க்க வேண்டும். பாதுகாப்பை இயக்கிய கணமே அட்மின் தவிர யாருக்கும் அந்த மதிப்பு தெரியாது, நட்சத்திரக் குறிகள்தான் தெரியும் என்பதால், புரொஃபைலை உருவாக்கி ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இயக்கியதும் அந்த மூன்றையும் குறித்துவிடுவது நல்லது.

இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு இடங்களில். கணக்கியல் மென்பொருளோடு இணைக்கும் சர்வீஸ் கணக்கை (ஆளுக்கல்லாமல் மென்பொருளுக்கென்று உருவாக்கும் கணக்கை) புரொஃபைலில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் கடன் வரம்பு காலியாகப் போய்ச் சேரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதக் கடைசியில்தான் குட்டு வெளிப்படும். இரண்டாவது, பூட்டிய ஃபீல்டை வைத்துக் கணக்கிடும் இன்னொரு ஃபீல்டு. ‘மீதமுள்ள கடன் வரம்பு’ என்று ஒரு கணக்கீட்டு ஃபீல்டு பூட்டாமல் கிடந்தால், நிலுவைத் தொகையைத் தெரிந்தவர் ஒரு கூட்டலில் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றைப் பூட்டினால் அதிலிருந்து பிறக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்ட வேண்டும்.

இனி ரோல் விஷயம். டைனமிக்ஸில் ஒவ்வொரு டேபிளுக்கும், அதாவது அக்கவுண்ட் (வாடிக்கையாளர்), காண்டாக்ட் (தொடர்புகொள்ளும் நபர்), ஆப்பர்சூனிட்டி (விற்பனைப் பேரம்) என ஒவ்வொரு வகைப் பதிவுக்கும், 8 உரிமைகள் உண்டு: கிரியேட், ரீட், ரைட், டெலீட், அப்பெண்ட், அப்பெண்ட் டு (இவ்விரண்டையும் பின்னால் விளக்குகிறோம்), அசைன் (வேறொருவர் பெயருக்கு மாற்றுவது), ஷேர். ஒவ்வொரு உரிமையையும் 5 எல்லைகளில் ஒன்றில் வைக்கலாம். உரிமையே இல்லை, தன் பதிவுகள் மட்டும், தன் பிசினஸ் யூனிட் (தரவைப் பிரிக்க நிறுவனத்துக்குள் வகுக்கும் பிரிவு) முழுதும், தன் யூனிட்டும் அதற்குக் கீழுள்ளவையும், நிறுவனம் முழுதும். பழைய திரையில் இவை வெறும் வட்டம், கால், அரை, முக்கால், முழு வட்டம் என்று தெரியும். புதிய திரையில் பெயர்களாக வரும். டேபிளை உருவாக்கும்போதே அது ஆளுக்கோ டீமுக்கோ சொந்தமானதா, நிறுவனத்துக்குப் பொதுவானதா என்று கேட்கும். பொதுவானது என்று சொல்லிவிட்டால் நடு எல்லைகள் கிடையாது, ஒன்று எல்லாம் தெரியும், இல்லை ஒன்றுமே தெரியாது. இந்தத் தேர்வைப் பின்னால் மாற்ற முடியாது. சந்தேகமாக இருந்தால் ஆளுக்குச் சொந்தமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவனம் முழுதும் திறந்துவிடலாம். பொதுவாக வைத்ததைப் பிறகு பிரிக்க வழியில்லை.

ஒரு விற்பனைப் பிரதிநிதியின் ரோலில் அக்கவுண்ட் வரியை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்கலாம். கிரியேட்: தன் அளவில். ரீட்: பிசினஸ் யூனிட் அளவில், முடிந்தால் நிறுவனம் முழுதும். ரைட்: தன் அளவில். டெலீட்: இல்லை. அப்பெண்ட்: தன் அளவில். அப்பெண்ட் டு: ரீட் எந்த எல்லையோ அதே எல்லை. அசைன்: இல்லை. ஷேர்: இல்லை, அல்லது தன் அளவில்.

ரீட் ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்பார்கள். தன் அக்கவுண்டுகள் மட்டுமே தெரிகிற பிரதிநிதி, புது வாடிக்கையாளர் அழைத்ததும் பெயரைத் தேடுவார். பக்கத்து மேசைக்காரர் பெயரில் அது ஏற்கெனவே இருந்தாலும் இவர் கண்ணுக்குப் படாது. புதிதாக ஒன்றை உருவாக்குவார். ஆறு மாதத்தில் ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று பதிவுகள், மூன்று விலைப்பட்டியல்கள். ரகசியம் பெரும்பாலும் வாடிக்கையாளரின் பெயரில் இல்லை, அவரோடு நடக்கும் பேரத்தில் இருக்கிறது. ஆகவே அக்கவுண்டில் ரீட்டைத் திறந்து, ஆப்பர்சூனிட்டியில் இறுக்குவதுதான் எங்கள் பரிந்துரை. தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வெளியே போய்விடக் கூடாது என்றால் அந்த இரண்டு ஃபீல்டுகளையும் மேலே சொன்ன முறையில் பூட்டலாம்.

டெலீட் ஏன் கூடாது? அக்கவுண்டை நீக்கினால் அதன் கீழிருக்கும் நடவடிக்கைகள், குறிப்புகள் என, டேபிள்களுக்கு இடையிலான உறவுமுறை அமைப்பைப் பொறுத்து கூடவே பலதும் போய்விடும். வேண்டாததைச் செயலிழக்க வைத்தால் போதும். அதற்கு ரைட் உரிமையே போதுமானது. டெலீட் உரிமையைத் தரவுச் சுத்தம் பார்க்கும் ஒருவரிடம் மட்டும் வையுங்கள்.

அப்பெண்ட், அப்பெண்ட் டு இரண்டும்தான் அதிகம் குழப்புபவை. ஒரு பதிவில் லுக்கப் ஃபீல்டு வழியாக இன்னொரு பதிவை இணைக்கிறோம். லுக்கப் ஃபீல்டு எந்தப் பதிவில் இருக்கிறதோ அதில் அப்பெண்ட் வேண்டும். எந்தப் பதிவு சுட்டப்படுகிறதோ அதில் அப்பெண்ட் டு வேண்டும். ஆப்பர்சூனிட்டிக்குள் ஒரு குறிப்பு எழுத, குறிப்பு டேபிளில் அப்பெண்ட், ஆப்பர்சூனிட்டி டேபிளில் அப்பெண்ட் டு. கிரியேட், ரீட், ரைட் மூன்றும் இருந்தும் ‘சேமிக்க முடியவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஜோடியில் ஒன்று விடுபட்டதால் வருவது. எந்தப் பக்கம் விடுபட்டது என்று தேடாமல் ரோலில் எல்லா வட்டங்களையும் முழுதாக்கிவிடுவது பரவலான வழக்கம். அன்றைக்குப் புகார் நின்றுவிடும், உண்மைதான். ரோல் என்று ஒன்று போட்டதன் பயனும் அன்றோடு முடிந்துவிடும்.

தேடுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. பிழைச் செய்தியின் விவரத்தைத் திறந்தாலோ, அதன் லாக் கோப்பை இறக்கினாலோ, பி-ஆர்-வி என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் ஒரு நீண்ட சொல் இருக்கும். அதன் பின்னால் உரிமையின் பெயரும் டேபிளின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். எந்த டேபிளில் எந்த உரிமை குறைகிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. அந்த ஒன்றை மட்டும், தேவையான குறைந்தபட்ச எல்லையில் சேர்த்து, மறுபடி முயன்று பாருங்கள். அடுத்து இன்னொன்று குறைகிறது என்று சொல்லும். நாலைந்து சுற்றில் ரோல் சரியான அளவுக்கு வந்துவிடும். பதிவு திறந்திருக்கும்போது மேல்பட்டையில் ‘செக் ஆக்சஸ்’ என்ற வசதியும் இப்போது உண்டு. குறிப்பிட்ட ஆளுக்கு அந்தப் பதிவில் என்னென்ன உரிமை, அது எந்த வழியாக வந்தது என்று காட்டும்.

எந்த வழியாக என்பது முக்கியம். ஏனென்றால் ரோல்கள் ஒன்றோடொன்று கூடும், கழியாது. இது தெரியாததால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. சாவிக்கொத்தில் சாவி சேரச் சேரத் திறக்கும் கதவுகள் கூடுமே தவிர, புதுச் சாவி பழைய கதவைப் பூட்டிவிடாது. ஒருவரிடம் நிறுவனம் முழுதும் ரீட் கொடுக்கும் ரோல் ஒன்று இருந்தால், தன் அளவு ரீட் உள்ள பத்து ரோல்களைக் கூடுதலாகக் கொடுத்தாலும் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார். ‘தடை ரோல்’ என்று ஒன்றைத் தயாரித்து ஆட்களுக்கு மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் நிறுவனங்கள் உண்டு. அப்படியொன்று இந்த மென்பொருளில் கிடையவே கிடையாது.

பதவிக்கு ஒரு ரோல் என்ற கட்டுரையின் யோசனை பாதி சரி என்று சொன்னது இதனால்தான். விற்பனைப் பிரதிநிதிக்கு ஒன்று, மூத்த பிரதிநிதிக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று என்று முழு ரோல்களாகப் போட்டால், புதிதாக ஒரு டேபிள் சேர்க்கும்போது எல்லா ரோல்களையும் திறந்து திருத்த வேண்டும். புது டேபிள் அட்மின், கஸ்டமைசர் (மென்பொருளை வடிவமைப்பவர்) போன்ற ரோல்களைத் தவிர வேறெதிலும் தானாகச் சேர்வதில்லை. ஒன்றில் விட்டுப்போகும். அதற்குப் பதில் அடுக்கு முறை மேல். உள்ளே நுழையவும், தன் அமைப்புகளைச் சேமிக்கவும், பொதுப் பட்டியல்களைப் படிக்கவும் தேவையானதை மட்டும் கொண்ட அடிப்படை ரோல் ஒன்று எல்லாருக்கும். அதன் மேல் விற்பனை, சேவை, விளம்பரம் என வேலைக்கேற்ற மெல்லிய ரோல்கள். அதற்கும் மேல் எக்செலுக்கு இறக்குவது, பதிவுகளை ஒன்றாக்குவது போன்ற ஒற்றைச் செயலுக்கான ரோல்கள். மேலாளர் என்பவர் முதல் இரண்டோடு மூன்றாவதில் ஒன்றிரண்டைச் சேர்த்துப் பெறுபவர், அவ்வளவே. ரோல்கள் கூடும் என்ற அதே விதி இங்கே நமக்குச் சாதகமாகிறது.

மென்பொருளோடு வரும் ரோல்களை அப்படியே திருத்தாதீர்கள். நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, நகலைத் திருத்துங்கள். அடிப்படை ரோலுக்கு ‘ஆப் ஓப்பனர்’ என்பதை நகலெடுப்பது வசதி. மூலத்தைத் தொட்டால் அடுத்த புதுப்பிப்பில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான பிரதியும் கையில் இருக்காது.

எக்செல் என்றதும் ஒன்று. அதற்கான ஏற்றுமதி உரிமை டேபிள் வரிகளில் இருப்பதில்லை. எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும் உரிமை ரோலின் பிசினஸ் மேனேஜ்மென்ட் பகுதியில், மற்ற தனி உரிமைகளோடு கலந்து கிடக்கிறது. பெரும்பாலான ஆயத்த ரோல்களில் அது இயக்கப்பட்டே வருகிறது. ஒரே தடவையில் 1,00,000 வரிகள் வரை இறக்கலாம். பல நிறுவனங்களின் முழு வாடிக்கையாளர் பட்டியலும் அதற்குள் அடங்கிவிடும். கட்டுரை சொல்லும் கசிவைத் தடுக்க முதலில் போக வேண்டிய இடம் இதுதான். அதே பகுதியில் ‘பிறர் சார்பில் செயல்படுதல்’ என்றொரு உரிமையும் உண்டு. அதையும் கண்டிப்பாகப் பார்த்துவிடுங்கள்.

பிசினஸ் யூனிட் பற்றிச் சொல்லாமல் எல்லைகள் புரியாது. நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, துறைக்கு ஒரு யூனிட், அதற்குள் பிரிவுக்கு ஒரு யூனிட் என்று கட்டிவிடுகிறார்கள். பிசினஸ் யூனிட் என்பது தரவைப் பிரிக்கும் வேலி. இரண்டு துறைகள் ஒன்றின் பதிவை மற்றது பார்க்கலாம் என்றால் அவற்றுக்கு இரண்டு யூனிட் தேவையில்லை. வேலி தேவைப்படும் இடத்தில் மட்டும் யூனிட். நடுத்தர நிறுவனத்துக்கு எல்லாவற்றுக்கும் மேலுள்ள மூல யூனிட்டோடு இரண்டு மூன்று இருந்தாலே அதிகம். மூல யூனிட்டை நீக்கவோ முடக்கவோ முடியாது. மற்றதை நீக்க வேண்டுமானால் முதலில் ஆட்களையும் டீம்களையும் வெளியேற்றி, முடக்கி, பிறகே நீக்க முடியும். ரோல்களை மூல யூனிட்டில் உருவாக்குங்கள். கீழுள்ள எல்லா யூனிட்டுக்கும் அவை தானாக வந்துசேரும், மூலத்தில் செய்யும் திருத்தமும் கூடவே போகும். கீழ் யூனிட்டில் உருவாக்கியது மேலே வராது.

ஒருவரை ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வழக்கமான அமைப்பில் அவருடைய ரோல்கள் அத்தனையும் கழன்றுவிடும். ரோல் எதுவும் இல்லாதவர் உள்ளே நுழையவே முடியாது. இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆளே கத்துவார். மற்றது சத்தமில்லாமல் நடக்கும். அவர் பெயரில் இருக்கும் பதிவுகள் அனைத்தும் அவரோடு சேர்ந்து புது யூனிட்டுக்குப் போய்விடும். பழைய யூனிட்டில் யூனிட் அளவு ரீட் வைத்திருந்த சக ஊழியர்களுக்கு மறுநாள் காலை அந்த வாடிக்கையாளர்கள் காணாமல் போயிருப்பார்கள். ரோல்களைத் தக்கவைக்கவும், பதிவுகளை அதே இடத்தில் விடவும் இப்போது நிறுவன அளவில் அமைப்புகள் வந்திருக்கின்றன. அவற்றை இயக்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றுவதற்கு முன்பே பதிவுகளை இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு ஆளை நகர்த்துவதே பாதுகாப்பான வரிசை.

பதிவுகளைப் பெயர் மாற்றும்போதும் ஒரு கவனம். அக்கவுண்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அசைன் செய்தால், அதன் கீழுள்ள காண்டாக்டுகள், ஆப்பர்சூனிட்டிகள் எல்லாம் சேர்ந்து போகும்படிதான் பல உறவுகள் ஆரம்பத்தில் அமைந்திருக்கும். போன வருடம் முடித்த பேரங்களும் புது ஆள் பெயருக்கு மாறிவிடும். ஊக்கத்தொகைக் கணக்கு எடுக்கும் அறிக்கை அதோடு கெட்டது. உறவின் பண்புகளில் அசைன் என்ற இடத்தில் ‘எல்லாம்’ என்பதை ‘நடப்பில் உள்ளவை மட்டும்’ என்று மாற்றினால் இந்த வம்பு இல்லை. பெறுபவரிடம் அந்த டேபிளில் ரீட் உரிமை இல்லாவிட்டால் அசைன் பாதியில் நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டு யூனிட்டுகளுக்கு இடையில் வேலை செய்பவர்களுக்கு ஓனர் டீம், அதாவது பதிவுகளுக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடிய டீம்தான் வழி. டீமுக்கு ரோல் கொடுத்தால் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அது கிடைக்கும். ஆனால் யூனிட் அளவு என்பது அந்த டீம் எந்த யூனிட்டில் இருக்கிறதோ அதையே குறிக்கும், ஆள் இருக்கும் யூனிட்டை அல்ல. இதைப் பயன்படுத்தித்தான் வடக்குப் பிரிவு ஆளுக்குத் தெற்குப் பிரிவின் பதிவுகளைக் காட்டுகிறோம். டீம் வழியாக மட்டுமே ரோல் வைத்திருப்பவர் தன் பெயரில் பதிவு உருவாக்க முடியவில்லை என்று புகார் சொன்னால், அந்த ரோலின் மேல்பகுதியில் உறுப்பினரின் உரிமை மரபு என்ற தேர்வைப் பாருங்கள். ‘டீம் உரிமைகள் மட்டும்’ என்று இருக்கும். ஆளுக்கு நேரடி உரிமையும் சேர்த்துக் கொடுக்கும் மற்றத் தேர்வுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஒரு குறிப்பிட்ட பேரத்துக்காக நாலு பேர் சில வாரங்கள் சேர்ந்து உழைப்பது போன்றவற்றுக்கு 2013 பதிப்பில் வந்த ஆக்சஸ் டீம் பொருத்தம். அதற்கு ரோல் கிடையாது, பதிவுக்குச் சொந்தக்காரராகவும் இருக்காது, அந்த ஒரு பதிவை மட்டும் திறந்துவிடும்.

ஷேர் செய்வதைக் கைமருந்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் செய்யும் ஒவ்வொரு பதிவுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் பின்னணியில் ஒரு தனி டேபிளில் வரி சேர்ந்துகொண்டே போகும். அது பெருத்தால் பட்டியல் திரைகள் நகரவே மறுக்கும். பெறுபவருக்கு அந்த டேபிளில் தன் அளவிலாவது உரிமை இல்லாவிட்டால் ஷேர் செய்தும் பயனில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் பகிரவும் முடியாது.

மேலாளருக்குத் தன் கீழுள்ளவர்களின் பதிவுகளைக் காட்ட யூனிட்டுகளைப் பெருக்கத் தேவையில்லை, 2015 பதிப்பில் வந்த படிநிலைப் பாதுகாப்பு போதும். நேரடியாகக் கீழே இருப்பவர் பதிவைப் படிக்கவும் திருத்தவும், அதற்கும் கீழே இருப்பவர் பதிவைப் படிக்க மட்டும் அது வழிசெய்கிறது. மேலாளர் அதே யூனிட்டிலோ மேல் யூனிட்டிலோ இருக்க வேண்டும். அப்படி இல்லாத அமைப்புக்குப் பொறுப்புநிலைப் படிநிலை என்ற இன்னொரு வகை உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் இயக்க முடியும்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மற்றொரு சிஆர்எம் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ரோல் என்றால் படிநிலையில் ஒருவரின் இடம். உரிமைகள் புரொஃபைலிலும் பெர்மிஷன் செட்டிலும் இருக்கின்றன. முதலில் நிறுவன அளவிலான இயல்புநிலையை மிக இறுக்கமாக வைத்து, பிறகு படிநிலை, பகிர்வு விதிகள் வழியாகத் திறந்துகொண்டே வர வேண்டும். படிநிலையும் பகிர்வு விதிகளும் திறக்க மட்டுமே உதவும், இறுக்க உதவாது. எல்லாத் தரவையும் பார்க்கலாம், எல்லாத் தரவையும் மாற்றலாம் என்ற இரண்டு தனி அனுமதிகள் யாரிடமெல்லாம் இருக்கின்றன என்று தேடிப் பார்த்தால் பல அட்மின்களுக்குத் தூக்கம் வராது.

கட்டுரை தொடாத இன்னொரு பக்கம் நாணயம், நிதியாண்டு போன்ற வணிக அமைப்புகள் (செட்டிங்ஸ்). இவற்றில் சில, முதல் நாளே முடிவுசெய்ய வேண்டியவை. அடிப்படை நாணயம் எது என்று சூழலை (மென்பொருளின் தனி நிறுவலை) உருவாக்கும்போது கேட்கும், அதன் பிறகு மாற்ற முடியாது. சோதனைக்கென்று டாலரில் தொடங்கி, அதிலேயே உண்மை வேலையையும் ஆரம்பித்துவிட்டால், மீள்வதற்குப் புதுச் சூழல்தான் வழி. மற்ற நாணயங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றின் மாற்று விகிதம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. யாராவது கையால் போட வேண்டும், அல்லது அதற்கென்று ஒரு இணைப்பு எழுத வேண்டும். விகிதத்தை மாற்றினால் பழைய பதிவுகளின் அடிப்படைத் தொகை (அடிப்படை நாணயத்தில் கணக்கிட்ட தொகை) அசையாது. அந்தப் பதிவில் ஒரு தொகையை அடுத்து எப்போது திருத்துகிறோமோ அப்போது புது விகிதம் ஏறும். ஒரே மாதத்து அறிக்கையில் இரண்டு விகிதங்கள் கலந்து நிற்பதன் காரணம் இதுதான்.

நிதியாண்டின் தொடக்கத் தேதியையும் காலாண்டா மாதமா என்பதையும் இலக்குகள் போடுவதற்கு முன் அமைத்துவிடுங்கள். இயல்பாக ஜனவரி 1 என்று இருக்கும். பிறகு மாற்றினால் ஏற்கெனவே போட்ட இலக்குகள் பழைய கால அளவிலேயே நிற்கும், அவற்றைத் தனியே புது நிதியாண்டோடு பொருத்த வேண்டும். தேதி ஃபீல்டுகளில் பிறந்த நாள், ஒப்பந்தம் முடியும் நாள் போன்றவற்றை ‘தேதி மட்டும்’ என்ற தன்மையில் உருவாக்குங்கள். பயனரின் நேரத்தைப் பொறுத்தது என்ற தன்மையில் விட்டால், வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் தள்ளித் தெரியும். ஒருமுறை தன்மையை மாற்றிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது. தேதி, எண் காட்டும் வடிவத்தை நிறுவன அளவில் மாற்றுவது புதிதாகச் சேர்பவர்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே இருப்பவர்கள் தத்தம் தனி அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பதிவுகளுக்கு மென்பொருள் தானே கொடுக்கும் தானியங்கி எண்ணை வரி (டாக்ஸ்) ஆவண எண்ணாக நம்பி இருந்துவிடாதீர்கள். எண்கள் மீண்டும் வராது, அதற்கு உத்தரவாதம் உண்டு. இடையில் விடுபடாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சேமிப்பு தோற்றாலும் எண் செலவாகிவிடும்.

ஆடிட் என்ற மாற்றப் பதிவு மூன்று இடங்களில் இயக்கப்பட வேண்டும்: நிறுவன அளவில், டேபிள் அளவில், ஃபீல்டு அளவில். ஒன்று விட்டாலும் பதிவு இல்லை. பிரச்சினை வந்த பிறகு இயக்கினால் பழைய கதை கிடைக்காது. எல்லா டேபிளையும் இயக்கிவிட்டால் சேமிப்பிடம் கரையும். எனவே தொகை, உரிமையாளர், நிலை, கடன் வரம்பு போன்றவற்றைத் தேர்ந்தெடுத்து இயக்கி, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் சேர்த்தே குறியுங்கள். யார் யாருக்கு எந்த ரோலைக் கொடுத்தார், எடுத்தார் என்பதும் இதில் பதிவாகும். கசிவு விசாரணையில் முதலில் தேடுவது அதைத்தான்.

சோதிப்பதை அட்மின் கணக்கில் செய்வது வீண். அட்மினுக்கு எல்லாம் வேலை செய்யும். ஒவ்வொரு ரோல் சேர்க்கைக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்து, தனிச் சோதனைச் சூழலில், அந்த வேலையைச் செய்பவர் ஒரு நாளில் செய்யும் காரியங்களை முழுதாகச் செய்து பார்க்க வேண்டும். செய்ய முடிய வேண்டியது முடிகிறதா என்பதோடு நிறுத்தாமல், முடியக் கூடாதது முடியாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தவர் பேரத்தைத் தேடிப் பாருங்கள், ஏற்றுமதிப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். பிறகு ரோல்களைச் சொல்யூஷன் (மாற்றங்களைக் கட்டி எடுத்துச்செல்லும் பொதி) வழியாக உண்மைச் சூழலுக்குக் கொண்டுபோகலாம். எந்த ஆளுக்கு எந்த ரோல் என்ற ஒதுக்கீடும், பிசினஸ் யூனிட்டுகளும், டீம்களும், ஃபீல்டு புரொஃபைலின் உறுப்பினர் பட்டியலும் கூடப் போகாது. அவற்றை அங்கே மறுபடி போட வேண்டும். வேலை தொடங்கும் நாள் காலையில் எல்லாருக்கும் அவசரமாக அட்மின் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒதுக்கீட்டை மறந்ததால்தான். மாலையில் எடுத்துவிடலாம் என்று கொடுப்பார்கள். எடுக்கப்படுவதில்லை.

வெளி மென்பொருளுக்கான சர்வீஸ் கணக்குக்கும் அட்மின் வேண்டாம். அது தொடும் டேபிள்கள் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும். அவற்றுக்கு மட்டும் ஒரு ரோல் எழுத அரை நாள் போதும்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தில், கணக்கை முடக்கினால் முடிந்தது என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. முடியவில்லை. முடக்கினால் அவர் உள்ளே வர முடியாது, சரி. அவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் தானியங்கி வேலைகளும் அவர் இணைப்பில் இயங்கும் ஃப்ளோக்களும் (தானியங்கிப் பணித்தொடர்களும்) தோற்கத் தொடங்கும். அவர் பெயரிலுள்ள பேரங்கள் கேட்பாரற்று நிற்கும். ஆகவே விலகல் கடிதம் வந்த அன்றே எக்செல் ஏற்றுமதி ரோலை எடுத்துவிடுங்கள். அடுக்கு முறையில் அது தனி ரோல் என்பதால் மற்ற வேலை கெடாது. அடுத்து தானியங்கி வேலைகளை வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு நடப்பில் உள்ள பதிவுகளை அசைன் செய்யுங்கள். பிறர் அவருக்கு ஷேர் செய்தவை, அவர் உறுப்பினராக உள்ள டீம்கள், ஃபீல்டு புரொஃபைல்கள் மூன்றையும் நீக்குங்கள். கடைசி நாள் மாலை கணக்கை முடக்குங்கள். கணக்கை நீக்க வேண்டாம். பழைய பதிவுகளில் யார் செய்தது என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சிஆர்எம் மென்பொருள் நிறுவல், பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்